தொட்டில்கள் குறைகின்றன! ஊன்றுகோல்கள் பெருகுகின்றன!



தமிழகத்தின் தலை நரைக்கிறது. மெல்ல மெல்ல அல்ல, விரைந்து நரைக்கிறது!

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசின் வல்லுநர் குழு போட்ட மதிப்பீடு 13.6 விழுக்காடு. 2031இல் அது 18.2 விழுக்காடாகும் என்பது அதே குழுவின் கணிப்பு. இந்தியா முழுமைக்கும் 2021இல் 10.1 தான். பீகாரிலோ 7.7 தான். பெரிய மாநிலங்களில் முதுமையில் நம்மை முந்தி நிற்பது கேரளம் ஒன்றே!

மறுபுறம் தொட்டில்கள் குறைகின்றன. 1971இல் ஒரு தாய்க்குச் சராசரியாக 3.9 குழந்தைகள். 2020இல் 1.4. தாயும் தந்தையும் இருவர்; அந்த இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பிள்ளைகள், இடையில் இறந்துபடுவோருக்காகச் சிறிது கூடுதல் என 2.1 வேண்டும் என்பர் கணக்கறிந்தோர். அந்த அளவை நாம் 1990களின் தொடக்கத்திலேயே தொட்டுவிட்டோம். இன்று அதற்கும் வெகு கீழே இருக்கிறோம்.

இதைக் கண்டு சிலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டனர். ஐயோ, இனம் குன்றுகிறதே என்று புலம்புவோர் ஒருபுறம். பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பெற மறுத்தார்கள், அதனால் வந்த கேடு இது என்று பழி சுமத்துவோர் மறுபுறம். பழி சுமத்துவோர் யார் என்று உற்றுப் பாருங்கள். பெண் படிக்கக்கூடாது என்று நேற்றுச் சொன்ன அதே வாய், இன்று பெண் பெற்றுக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்கிறது! வாய் பழையதுதான், வார்த்தைதான் புதிது!

நாம் கேட்கிறோம்: குழந்தை குறைந்தது குற்றமா? முதியவர் பெருகியது கேடா?

அல்ல! ஆயிரம் முறை அல்ல! 1971இல் நம் மாநிலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலேயே மண்ணுக்குப் போயின. 2020இல் அந்தத் தொகை 13. அன்றைய தாய் ஏன் நான்கைந்து பெற்றாள்? நாலில் இரண்டாவது தங்கட்டும் என்ற நடுக்கத்தில் பெற்றாள். இன்று பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி இருக்கிறது. சத்துணவு இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆகவே ஒன்றோ இரண்டோ போதும் என்கிறாள். அன்று ஐம்பதில் கிழவனானவன் இன்று எழுபதிலும் நடமாடுகிறான். இதுவா கேடு? வெற்றி என்பதன்றி இதற்கு வேறு பெயர் உண்டா?

இந்த வெற்றி வானத்திலிருந்து விழுந்ததல்ல. இதே சென்னையில் இதற்காக இரண்டு குரல்கள் ஒலித்தன. 1920களின் இறுதியில் உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்றோர் கூடி நியோ-மால்தூசியன் சங்கம் ஒன்றை இங்கே நடத்தினர். மயிலாப்பூர் என்றாலே வழக்கறிஞர் குடியிருப்பு என்று பெயர் பெற்றிருந்த காலம் அது. அந்த மேட்டுக்குடிச் சங்கத்தின் கவலை, நாட்டில் ஏழைகளின் எண்ணிக்கை பெருகுகிறதே என்பது. அதே காலத்தில் இன்னொரு குரல் ஈரோட்டிலிருந்து எழுந்தது. நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கர்ப்பத்தடை என்றனர் சிலர். தாயின் உடல்நலத்துக்காக என்றனர் வேறு சிலர். பெரியாரோ, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை என்று 1930இலேயே குடி அரசில் எழுதினார். எண்ணிக்கை பெரிதல்ல, அவள் உரிமையே பெரிது என்பது அதன் பொருள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமஉரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து 1989இல் அது தமிழகத்தில் சட்டமாயிற்று. நடுவே, 1951 கணக்கெடுப்பை நாடு முழுமைக்கும் நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக வந்து, 1950களில் கருத்தடை அறுவைக்கு அரசு உதவித்தொகை தரும் வழியைத் திறந்தார். பிறகு வந்தது சிவப்பு முக்கோணம். வந்தது "நாம் இருவர், நமக்கு இருவர்". சுவரெல்லாம் எழுதினார்கள், பேருந்தெல்லாம் எழுதினார்கள். டில்லி சொன்னது, நாடே கேட்டது. நாம் கேட்டதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினோம்.

செய்து காட்டியவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் நம் தென்சென்னைத் தெருக்களில் சற்று நடப்போம், வாருங்கள். முதுமை என்பது வெறும் விழுக்காடு அல்ல. அது வீடு வீடாக உட்கார்ந்திருக்கிறது.

மயிலாப்பூர்! தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய ஓட்டு வீடுகள் பலவும் அடுக்குமாடிகளாகிவிட்டன. மேல்மாடியில் ஒரு முதியவரும் அவர் துணைவியாரும். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். மாலையில் தொலைபேசி மணி அடிக்கும். பணம் வரும், படம் வரும், குரல் வரும். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடக் கை வருமா? அந்தக் கை வேறெங்கிருந்தோ வருகிறது. பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் விடியற்காலைப் பேருந்து பிடித்து வருகிறாள் ஒரு தாய். கஞ்சி வைக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிவிடுகிறாள், அழுக்குத் துணியை அலசுகிறாள். அவளை ஆயா என்கிறோம், வேலைக்காரி என்கிறோம். தொழிலாளி என்று சொல்ல மட்டும் இந்தச் சமுதாயத்துக்கு நாக்கு எழவில்லை! வீட்டு வேலைத் தொழிலாளர்க்கு நல வாரியம் 2007இல் அமைந்தது உண்மை. ஆனால் மாடியில் படுத்திருப்பவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவரைத் தூக்கி உட்காரவைப்பவளுக்கோ வருங்கால வைப்புநிதி இல்லை, பணிக்கொடை இல்லை. நாளை அவளுக்கும் அறுபது வரும், எழுபது வரும். அப்போது அவளைத் தூக்கிவிடுவது யார்?

தியாகராய நகர்! நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் தாங்கிய நகர். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் அடுக்கடுக்காகத் துணிக்கடைகள், நகைக்கடைகள், பாத்திரக்கடைகள். உள்ளே நிற்பவர்கள் யார்? தென்மாவட்டங்களிலிருந்தும் வறண்ட சிற்றூர்களிலிருந்தும் வந்த இளம்பெண்களும் இளைஞர்களும். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டம் செய்யவேண்டியிருந்தது! நிற்கும் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் தேவைப்பட்ட இடத்தில், வயிற்றில் வளரும் பிள்ளைக்கு யார் ஓய்வு கொடுப்பார்? திருமணம் ஆயிற்றா, வேலை போயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாடிமேல் மாடி கட்டிய கடைகளில் எத்தனைத் தளத்தில் தொட்டில் ஆடுகிறது? தோழர்களே, நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். அரசு அலுவலகத்துப் பெண்ணுக்குத் தமிழகத்தில் 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. அவளுக்குக் கிடைத்ததை நாம் வாழ்த்துகிறோம். கடைப்பெண்ணும் பெண்தானே, அவள் பெறுவதும் பிள்ளைதானே என்றும் கேட்கிறோம்!

இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நால்வர் தமிழகத்துப் பெண்கள். நம் தொழில்வளம் அவர்கள் கைவண்ணம். அந்தக் கைக்கு இயந்திரமும் கொடுத்து, அடுப்பும் கொடுத்து, கிழவரும் கொடுத்து, இன்னும் இரண்டு பிள்ளை பெறு என்றால் அவள் எதைக் கொண்டு பெறுவாள்? வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. பள்ளிக் கட்டணம் மென்னியைத் திருகுகிறது. கணவன் காப்பிக்குக் குரல் கொடுக்கிறானே தவிர, குழந்தைக்குக் கால்கழுவிவிட எழுவதில்லை. இத்தனையும் அப்படியே இருக்க, பிள்ளை மட்டும் பெருகவேண்டுமாம்!

அடையாறு! ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு, பக்கத்து நகர்களுக்கெல்லாம் உழைத்துக் கொடுத்த மக்களில் பல்லாயிரவர், 2015 பெருவெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். வீடு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் நகருக்குள் இருந்தபோது நடந்தே வேலைக்குப் போன பாட்டி, பல மைல் தொலைவிலுள்ள அடுக்குமாடியில் மின்தூக்கி நின்றால் படியிறங்க வழியின்றி உட்கார்ந்துவிட்டாள். பணக்கார முதுமை மாடியில் தனிமைப்பட்டது என்றால், பாட்டாளி முதுமை ஊருக்கு வெளியே தனிமைப்பட்டது!

அதே அடையாற்றின் அடியில் மெட்ரோ இரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டிய கைகளில் பல பீகாரத்துக் கைகள், ஜார்க்கண்டுக் கைகள், ஒடிசாக் கைகள். நம் பிள்ளைகள் குறைந்த இடத்தில் அவர்கள் பிள்ளைகள் வந்து உழைக்கிறார்கள். 2023 மார்ச்சில் இவர்களைத் தமிழர் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பிப் பகை மூட்டப் பார்த்தனர் சிலர். பொய் வெளுத்தது. நமக்கு வடநாட்டுத் தொழிலாளியிடம் பகை இல்லை. அவன் வியர்வையும் உப்புத்தான் கரிக்கிறது. நமது வழக்கு அவனோடல்ல, டில்லியோடு!

என்ன வழக்கு? கேளுங்கள்.

1962 தேர்தலில் நமக்கு நாடாளுமன்றத்தில் 41 இடங்கள். 1961 கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளைத் திருத்தினார்கள். 1967 தேர்தலில் 39. இரண்டு இடங்கள் போயின! 2021இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், புகழேந்தி இருவரும் இதை எடுத்துக்காட்டி, மக்கட்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக ஒரு மாநிலத்தைத் தண்டிப்பதா என்று கேட்டனர். இழந்த இடங்களுக்கு ஈடாக 5,600 கோடி ரூபாய் ஏன் தரக்கூடாது என்றும் கேட்டனர். 1976இல் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்புவரை அந்தத் தடையை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்து முடித்தவன் தலைக்குமேல் கத்தி தொங்குகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். 1951இல் இந்தியரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இம்மாநிலத்தார். 2011இல் ஆறு பேர். தலையை எண்ணி இடம் கொடுத்தால், எட்டு ஆறாகும். ஆறு இன்னும் தேயும்.

இடத்தில் மட்டுமா அடி? பணத்திலும் அடி. ஒன்றிய வரியில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையில் 13ஆவது நிதிக்குழு நமக்கு வைத்த பங்கு 4.969 விழுக்காடு. 14ஆவது குழு அதை 4.023 ஆக்கியது. 15ஆவது குழு 4.079 என்றது. 1971 மக்கட்தொகையை விட்டு 2011 மக்கட்தொகையைக் கணக்கில் எடுத்த குழு அது. பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியவர்க்கென்று 12.5 மதிப்பெண் ஒதுக்கியது அந்தக் குழு, மறைக்கவில்லை. ஆனால் வெட்டுண்ட விரலுக்கு அது கட்டுத்துணி, விரல் திரும்பவில்லை! முதியோர் கூடினால் மருத்துவச் செலவு கூடும், ஓய்வூதியச் செலவு கூடும். செலவு கூடும் வேளையில் பங்கு குறைகிறது. இது எந்த ஊர் நீதி?

இந்த நெஞ்சக் கொதிப்பில்தான் 2024 அக்டோபரில் திருவான்மியூரில் 31 இணையர்க்கு நடந்த திருமண விழாவில், முதலமைச்சராக இருந்து பேசிய மு.க. ஸ்டாலின், தொகுதி குறையும் நிலையில் பதினாறு பிள்ளை பெறலாமோ என்று நினைக்கும்படி ஆகிவிட்டதே என்னும் கருத்துப்பட நகைச்சுவையாகச் சொன்னார். அதே மாதத்தில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் அதிகப் பிள்ளைகள் வேண்டும் என்றார். திருவான்மியூர் மேடையில் பிறந்தது கேலி. அந்தக் கேலிக்குள் இருந்தது வேதனை. ஆனால் கேலியைக் கொள்கையாக்கித் தெருமுனையில் முழங்கத் தொடங்கிய தோழர்கள் சிலருக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பதினாறு பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று தமிழர் வாழ்த்தியது பதினாறு பிள்ளைகளையா? கல்வி, புகழ், உடல்நலம், நல்ல துணை, வாழ்நாள் என்று பதினாறு பேறுகளை அல்லவா? டில்லியின் அநீதிக்குத் தமிழ்ப்பெண்ணின் கருப்பை பதில் சொல்லவேண்டுமா? அவள் வயிறு வாக்குச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரமா? அப்படிச் சொன்னால் 1930இல் பெரியார் எழுதியதை நாமே கிழித்தெறிந்தவர்களாவோம். நாம் டில்லியோடு வாதாடுவோம், பெண்ணோடு அல்ல!

அன்றியும், பெறு என்றால் பெறுவார்களா? சிங்கப்பூரைப் பாருங்கள். இரண்டோடு நிறுத்து என்று 1970களில் முழங்கிய நாடு, 1987இல் இயன்றால் மூன்று பெறு என்று மாற்றிப் பாடியது. 2001 முதல் பிள்ளை பெற்றால் பணமும் கொடுத்தது. பயன்? 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.97 குழந்தை. தென்கொரியா கோடி கோடியாகக் கொட்டியும் அதே ஆண்டில் 0.72. மேடையில் கெஞ்சினாலும் பிள்ளை வராது, மிரட்டினாலும் வராது. பெற்றால் வாழவைக்கலாம் என்ற உறுதி பெண்ணுக்கு வேண்டும். பெறாவிட்டாலும் வாழலாம் என்ற உரிமையும் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். 65 வயது கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆகப் பிரெஞ்சு நாட்டுக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் அந்நாடு தொழில் வளர்த்தது, செல்வம் சேர்த்தது, ஓய்வூதியம் அமைத்தது. செல்வம் சேர்ந்தபின் கிழமானார்கள் அவர்கள். நாமோ செல்வம் சேருமுன்பே கிழமாகிறோம். அங்கே நூறாண்டில் நடந்ததை இங்கே ஒரே தலைமுறையில் சந்திக்கப் போகிறோம்.

அப்படியானால் உழைத்துத் தேய்ந்தவனுக்கு இந்த நாடு வைத்திருப்பது என்ன? சென்னை மாநிலத்தில் 1962இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். தமிழக அரசு 2023இல் அதை 1,200 ஆக்கியது. நாளுக்கு 40 ரூபாய்! போதுமா? போதாது, நாமே சொல்கிறோம். ஆனால் அதில் டில்லியின் பங்கு என்ன? அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை மாதம் 200 ரூபாய்! 2007இல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோதும் 200. பதினைந்து ஆண்டு கடந்தபின்னும் அதே 200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. மயிலை மாடவீதியில் ஒரு கோப்பைத் தேநீருக்கும் அது எட்டாது!

ஆலைத் தொழிலாளிக்கு? வருங்கால வைப்புநிதியோடு 1995இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வரையறுத்தார்கள். பத்தாண்டு ஓடியது, விலைவாசி ஓடியது, அந்த ஆயிரம் மட்டும் நகரவில்லை! அதுவும் நிலையாளுக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு? தானி ஓட்டுபவனுக்கு? நொச்சிக்குப்பத்தில் வலை உலர்த்தும் மீனவனுக்கு? வீடுவீடாகச் சோறு சுமந்து இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞனுக்கு? இன்று இருபத்தைந்து வயதில் பறக்கிறவன் ஒருநாள் அறுபத்தைந்தில் நடுங்குவான். அவனுக்காக இன்று எந்த முதலாளி ஒரு காசு எடுத்துவைக்கிறான்?

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைமேல் வழக்குப் போடலாம் என்று 2007இல் ஒரு சட்டம் செய்தது டில்லி. நல்லது. கையில் இருந்தும் கொடாதவன் கூண்டில் ஏறட்டும். ஆனால் கூலியே இல்லாத பிள்ளைமேல் தாய் வழக்குப் போட்டு என்ன பெறுவாள்? ஒரே பிள்ளை இரு பெற்றோரையும், மனைவியின் பெற்றோரையும், தன் பிள்ளையையும் தாங்கவேண்டிய காலம் வருகிறது. ஒரு தூணின்மேல் நான்கு உத்தரம்! தூணைத் திட்டிப் பயனில்லை. அரசு என்னும் சுவர் எழுந்தாகவேண்டும்.

சுவருக்குக் கல் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கென்று தனிப்பிரிவு தொடங்கியது, மருத்துவர் வி.எஸ். நடராசனின் முயற்சியால். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. 2024இல் கிண்டியில் முதியோர்க்கெனத் தேசிய மருத்துவ மையம் திறக்கப்பட்டது. வழி தெரியும். வேண்டியது வேகம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. நிதிக்குழுக்கள் பங்கு பிரிக்கும்போது முதியோர் விழுக்காட்டுக்கும் எடை போடட்டும். டில்லியின் 200 ரூபாயும், ஆலைத் தொழிலாளியின் 1,000 ரூபாயும் விலைவாசியோடு சேர்ந்து ஏறட்டும். முதியோரைப் பேணும் கைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் உறுதியாகட்டும். தியாகராய நகர்க் கடைகளில் தொட்டில் கட்டச் சட்டம் கையை ஓங்கட்டும். மக்கட்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காக நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தைக்கூட எந்த மாநிலமும் இழக்கக்கூடாது என்பது அரசமைப்பில் எழுதப்படட்டும்.

கேட்பதோடு நம் வேலை முடிந்ததா? வட்டச் செயலாளர்களே, கிளைத் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வட்டத்தில் தனித்து வாழும் முதியவர் எத்தனை பேர் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். ஓய்வூதிய மனு எழுதத் தெரியாத கிழவிக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். வீட்டு வேலை செய்யும் தாய்மாரை வாரியத்தில் பதியச் செய்யுங்கள். நம் முன்னோடிகள் காசு காசாகச் சேர்த்துக் கட்டிய படிப்பகங்கள் பகலில் பூட்டிக் கிடப்பானேன்? திறந்துவிடுங்கள். முதியோர் வந்து அமரட்டும், ஏடு படிக்கட்டும், பேச்சுத்துணை பெறட்டும். வீட்டுக்குப் போனதும் இன்னொரு வேலை: தொட்டிலை நீங்களும் ஆட்டுங்கள், அப்பாவுக்கு மாத்திரையை நீங்களும் எடுத்துக் கொடுங்கள். மேடையில் பெண்ணுரிமை பேசி, வீட்டில் பாயை உதறாமல் எழுபவனுக்கு அந்த மேடையில் இடமில்லை!

நரைத்த தலைகள் நாட்டுக்குச் சுமையல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள்கள் அவை, பேருந்து ஓட்டிய கைகள் அவை, சாலை போட்ட கால்கள் அவை. கொடுத்த உழைப்புக்கு மிச்சக் கூலி கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் கொடுக்க வக்கற்ற அரசு எதுவாயினும், அது டில்லியில் இருந்தாலும் சரி, கோட்டையில் இருந்தாலும் சரி, மக்கள் முன் நின்று பதில் சொல்லியே தீரவேண்டும்!